கேபிளில் நூற்றுக்கு நூறு

நாற்பது டிரெய்லர்கள் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. எர்ணாவூர் கன்டெய்னர் யார்டின் இரண்டாவது கேட்டில் காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பிய அந்தச் சத்தத்தில், கேன்டீன் தகரக் கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்காய்கள் மொத்தமாகப் பறந்தன.

கேட்டில் இருந்த கம்ப்யூட்டர் உறைந்துபோயிருந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் பாஸ் வராது. பாஸ் வராமல் தடுப்புக்கட்டை உயராது. கட்டை உயராவிட்டால் துறைமுகத்துக்குப் போக வேண்டிய பெட்டி எதுவும் நகராது. காவலாளி விசில் ஊதிப் பார்த்தார். டிரைவர்கள் அதற்கும் சேர்த்து ஹாரன் அடித்தார்கள்.

"இன்னாய்யா நெட்டு வெச்சிகினு கீறீங்க? கூப்புடுய்யா அந்தாள!"

அந்த ஆள் வந்தார். அவசரப்படாமல் வந்தார். இக்னேஷியஸ், வயது நாற்பத்தொன்பது, ராயபுரம். யார்டில் இருபத்திரண்டு வருடம். பதவி, நெட்வொர்க் இன்சார்ஜ். இடுப்பில், கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல். அவர் கம்ப்யூட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

அவருக்குப் பின்னால் லேப்டாப்பைத் திறந்தபடியே ஓடிவந்தாள் ரூஹி. தண்டையார்பேட்டைப் பெண், இருபத்து நாலு வயது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், இக்னேஷியஸின் உதவியாளர்.

"சார், லைனெல்லாம் பதிவாகுற லாக்ல பாத்துட்டேன். எட்டு முப்பத்தொம்பதுக்கு இந்த லைன்..."

"பாப்பா, லாக்கெல்லாம் மூட்டை கட்டு. ஏணிய புடி."

ரூஹி லேப்டாப்பைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஏணியைப் பிடித்தாள்.

இக்னேஷியஸ் ஏறினார். கம்பத்துப் பெட்டியைத் திறந்து கேபிள் முனையை உருவினார். கனெக்டரின் செம்புப் பற்களில் பச்சைக் களிம்பு. அதைக் கீழே நிற்கும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார். வெட்டினார். எட்டு ஒயரையும் பிரித்து வரிசைப்படுத்திப் புதுக் கனெக்டரில் நுழைத்து ஒரே அழுத்து. செருகினார். கீழே கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. கட்டை உயர்ந்தது. "தலைவா!" என்று ஒரு டிரைவர் கத்தினார்.

இறங்கி வந்த இக்னேஷியஸ் அந்தப் பச்சைத் துண்டை ரூஹியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது எந்த புக்குல கீது, சொல்லு?"

"புக்குல இல்ல சார்."

"அப்பறம் புக்கு எதுக்கு?"

ஒரு பக்கம் கடல். மறுபக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். எர்ணாவூரில் எந்தச் செம்பும் ஒரு வருடத்துக்கு மேல் செம்பாக இருப்பதில்லை. யார்டில் வரும் பத்துக் கோளாறில் ஒன்பது உப்புக் கோளாறு. அந்த ஒன்பதையும் கம்பம் ஏறிச் சரிசெய்து பெயர் வாங்கியவர் இக்னேஷியஸ். யார்டில் அவரைக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

ஆள் வந்தது. பெயர் செங்குட்டுவன்.

யார்டை மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய புதுக் கம்பெனி அனுப்பிய மேனேஜர் அவர். கோயம்புத்தூர்க்காரர். குரல் உயர்த்தாமல் பேசுவார். அன்று பதினோரு மணிக்கு இக்னேஷியஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இக்னேஷியஸ், நெட்வொர்க் இன்சார்ஜா இருக்கறவங்ககிட்ட சர்டிபிகேட் இருக்கணும்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லீட்டாங்க. உங்ககிட்ட இல்லீங்க."

"இருவத்திரெண்டு வருஷம் கீது சார்."

"அத ஸ்கேன் பண்ணி அனுப்ப முடியாதுங்களே."

இக்னேஷியஸ் சிரித்தார். செங்குட்டுவன் சிரிக்கவில்லை.

"இந்த மாசம் முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள அதுக்கான பரீட்சைய எழுதிருங்க. அதுக்கு மேல அந்தப் பரீட்சையே மாறுதுங்க. பழசுல கேபிள், ஸ்விட்ச், ரவுட்டர், அவ்வளவுதான். உங்களுக்குப் பழக்கமானது. புதுசுல ஆட்டோமேஷன், கிளவுடு, ஏ.ஐ. வரைக்கும் சேத்துட்டாங்களாம்."

"எழுதலன்னா?"

"ரூஹிகிட்ட சர்டிபிகேட் இருக்குது. ஒண்ணாந் தேதியிலிருந்து அவங்க இன்சார்ஜ். நீங்க அவங்களுக்குக் கீழே."

ஏணி பிடிக்கிற பெண்ணுக்குக் கீழே!

"பரீட்சதானே சார்? எழுதிட்டு வரேன்" என்று எழுந்தார் இக்னேஷியஸ்.

"படிக்க லீவு வேணுங்களா?"

"எனக்கு எதுக்கு சார்? வேணும்னா பரீட்சைக்கு லீவு குடுங்க. நான் வரேன்னதும் பயந்துக்கப் போவுது."

வீட்டில் மனைவி ஜானட்டிடம் இதையே இன்னும் கொஞ்சம் அழகுபடுத்திச் சொன்னார். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். கால் நூற்றாண்டாக மார்க் ஷீட்டுகளுக்கு நடுவில் வாழ்பவள். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நீ கடைசியா பரீட்ச எழுதினது எப்போ?"

"பாலிடெக்னிக்ல."

"பாஸா?"

"ரெண்டாவது தடவ."

"பேசாம போய் எங்கியாவது கோச்சிங் சேரு. அந்தப் பொண்ணுதான் பாஸ் பண்ணிக்கீதே, அதுங்கிட்ட கேட்டாகூட சொல்லித் தரும்."

"அதுவா? எனக்கா? ஒயர உரிக்கத் தெரியாது அதுக்கு!"

இருந்தாலும் மறுநாள் கோச்சிங் சென்டரைப் பார்க்கப் போனார். சேருவதற்காக அல்ல, பார்ப்பதற்காக.

தண்டையார்பேட்டையில் ஒரு மொபைல் கடைக்கு மாடியில் இருந்தது அது. நடத்துபவன் ஃபர்ஹான். முப்பது வயது, கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தான். கதவில் அச்சடித்த தாள்: 'பழைய சிலபஸ், கடைசி பேட்ச்! முந்துங்கள்!' ஆடித் தள்ளுபடிக்கும் இதற்கும் எழுத்தில்கூட வித்தியாசம் இல்லை.

உள்ளே இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நூத்திப் பதினாலு, சி. நூத்திப் பதினஞ்சு, ஏ டி. நூத்திப் பதினாறு, பி."

"இன்னா நைனா இது?" என்றார் இக்னேஷியஸ். "எங்க சர்ச்சுல ஜெபமாலகூட இவ்ளோ வேகமா உருட்ட மாட்டாங்க."

"டம்ப்ஸ் அங்கிள். பரீட்சையில வர்ற கேள்வி, பதிலு, எல்லாம் இதுல கீது. எழுதிட்டு வந்தவன் எவனாவது ஞாபகம் வெச்சி வெளிய விட்டுடுவான். நாலு நாள் உருட்டுங்க. கேள்வியப் படிக்கவே வேணாம், நம்பரப் பாத்து அடிச்சிகினே போலாம்."

"கேள்வி படிக்காம பதில் சொல்ல நான் இன்னா மந்திரியா?"

ஃபர்ஹான் கோபித்துக்கொள்ளவில்லை. "அங்கிள், முப்பத்தொண்ணு வரைக்கும்தான் இது சரக்கு. ஒண்ணாந் தேதி வட மடிக்கிற பேப்பரு. புதுப் பரீட்சைக்கு டம்ப்ஸ் வெளிய வர மூணு நாலு மாசம் ஆவும். அதுவரைக்கும் அவனவன் படிச்சித்தான் எழுதணும், பாவம்."

'படிச்சித்தான் எழுதணும், பாவம்.' இந்த வாக்கியத்தைச் சொல்கிறவன் நடத்துகிற இடத்துக்குப் பெயர் கோச்சிங் சென்டர். தட்டச்சுப் பலகையில் தூசு. ஸ்விட்சோ ரவுட்டரோ மருந்துக்குக்கூட இல்லை. சுவர் நிறைய பாஸ் செய்தவர்களின் போட்டோ. அதில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் எதை எதில் செருகுவது என்று தெரியாது.

இக்னேஷியஸ் டம்ப்ஸ் வாங்கவில்லை. நல்ல காரியம்தான். ஆனால் அது திருட்டு என்பதற்காக அவர் வாங்காமல் இல்லை. எந்த வழியிலாவது எதையாவது தெரிந்துகொள்வதே தனக்குக் கேவலம் என்று நினைத்தார்.

அடுத்த வாரம், சாப்பாட்டு நேரத்தில் ரூஹி தானாகவே கேட்டாள்.

"சார், நெட்வொர்க்க பிரிக்கிற கணக்கு இருக்கில்ல, அது மட்டும்தான் கொஞ்சம் கஷ்டம். வேணும்னா லஞ்ச்ல அரமணி நேரம்..."

"யாரு? நீயி? எனக்கு?" இக்னேஷியஸ் டிபன் பாக்ஸை மூடினார். "நீ டம்ப்ஸ் உருட்டி பாஸான கேஸு தானே?"

"டம்ப்ஸ் வாங்கினேன் சார், இல்லன்னு சொல்லல. ஆனா அதுல நூறு பதிலுக்கு மேல தப்பா இருந்துச்சு. எது தப்புன்னு கண்டுபுடிக்கப் போயி மொத்தமும் படிக்க வேண்டியதா ஆயிடுச்சு."

அவருக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் ஏறியது. சாயங்காலத்துக்குள் யார்டு முழுக்கச் செய்தி போய்விட்டது. கேன்டீனில், எடைமேடையில், டிரைவர்கள் டீ குடிக்கும் இடத்தில் என்று எங்கும் இக்னேஷியஸே போய்ச் சொன்னார். "ஒத்துக்கினாப்பா. அதுவே வாயத் தொறந்து ஒத்துக்கிச்சு. டம்ப்ஸ்தானாம்!"

மறுநாள் காவலாளியே ரூஹியைப் பார்த்து, "இன்னா டம்ப்ஸ், சாப்ட்டியா?" என்றார். அவள் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனாள்.

இக்னேஷியஸ் படிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வாங்கினார். கேபிள்கள் பற்றிய அத்தியாயத்தை மூன்று முறை படித்தார். அதில் நான்கு இடங்களில் சிவப்புப் பேனாவால் திருத்தமும் போட்டார். 'தவறு. உப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.' அதற்கடுத்த இருபத்தேழு அத்தியாயங்களையும் கட்டைவிரலால் புரட்டி, "தெரிஞ்சதுதான்... இதுவும் தெரிஞ்சதுதான்" என்று முடித்தார்.

"இன்னா, ரெண்டு நாள்ல புக்கு முடிஞ்சிடுச்சா?" என்றாள் ஜானட்.

"எழுதினவனுக்கு அனுபவம் பத்தாது."

இருபத்தெட்டாம் தேதி பரீட்சை. நகரத்துக்குள் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில், ஆறாவது மாடியில் தேர்வு மையம். வாசலில் இருந்த பெண் பைகளைக் காலி செய்யச் சொன்னாள். செல்போன், பர்ஸ், கைக்குட்டை, ஒரு பிடி கனெக்டர்கள்.

"இது என்ன சார்?"

"பரீட்சையில கேக்கப்போறது இதத்தாம்மா" என்றார். அவள் அதையும் லாக்கரில் போட்டுப் பூட்டினாள்.

முதல் ஐந்து கேள்விகளும் கேபிள். இக்னேஷியஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்காணிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

பதினோராவது கேள்வி. கேபிள்கள் வந்து சேரும் ஒரே ஸ்விட்ச் பெட்டியில் இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டுக்கும் விளக்கு எரிகிறது. கேபிள்கள் சோதிக்கப்பட்டு நன்றாக உள்ளன. ஆனால் ஒன்று மற்றொன்றோடு பேசவில்லை. ஏன்? கீழே நான்கு பதில்கள். இரண்டும் வேறு வேறு வீலானில், அதாவது நெட்வொர்க்கின் தனித்தனிப் பிரிவுகளில், இருக்கின்றன என்பது ஒன்று. கேபிள் பழுது என்பது இன்னொன்று.

கேபிள் நன்றாக இருக்கிறது என்று கேள்வியிலேயே போட்டிருந்தது. இக்னேஷியஸ் கேள்வியை நம்பவில்லை. கேள்வி எழுதியவன் என்ன, கம்பத்தில் ஏறியா பார்த்தான்? 'கேபிள் பழுது' என்று அடித்தார்.

அதற்கப்புறம் வந்ததெல்லாம் எண்களும் அட்டவணைகளும். ஒரு கேள்வியில் ஸ்விட்சின் படம் கொடுத்து, கட்டளைகளைத் தட்டச்சு செய்து கோளாறைச் சரிசெய்யச் சொன்னார்கள். இக்னேஷியஸ் மவுஸால் அந்தப் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதில் பிடுங்கிப் போட ஒன்றும் இல்லை.

நேரம் முடிந்தது. வாசலில் பெண் ஒரு தாளை நீட்டினாள். தேர்ச்சி இல்லை. கீழே பகுதிவாரியாக மதிப்பெண்.

கேபிளும் இணைப்பும்: நூறு சதவீதம். மற்றவை: இருபது, பத்து, பதினைந்து, பூஜ்யம், பூஜ்யம்.

"திருப்பி எப்பம்மா எழுதலாம்?"

"அஞ்சு நாள் கழிச்சு சார். ஆனா இந்தப் பரீட்சை மூணு நாள்ல முடியுது. நீங்க புதுசுதான் எழுதணும்."

மின்தூக்கியில் இறங்கும்போது இக்னேஷியஸ் தாளை மடித்தார். முதல் மடிப்பில் சில வரிகள் மறைந்தன. இன்னும் ஒருமுறை மடித்தார். கடைசியில் வெளியே தெரிந்தது ஒரே ஒரு வரி.

மறுநாள் யார்டில் அந்த ஒரு வரியைத்தான் ஊர்வலம் விட்டார். காவலாளிக்குக் காட்டினார். எடைமேடைக்காரருக்குக் காட்டினார். "இங்க பாரு, நூத்துக்கு நூறு! எந்த டம்ப்ஸுமில்லாம!" கேன்டீனில் ஒரு வடை இலவசமாக வந்தது. கூச்சமே இல்லாமல் சாப்பிட்டார்.

செங்குட்டுவன் கைகொடுத்தார். "வாழ்த்துகள். சர்டிபிகேட் எங்கீங்க?"

"ஆன்லைன்ல வரும் சார். ரெண்டு மூணு நாள் ஆவும்."

ரூஹி அந்த மடிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள். பாஸான சர்டிபிகேட் எத்தனை நேரத்தில் வரும், அந்தத் தாள் முழுதாக விரித்தால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளும் ஒரு காலத்தில் அதை வாங்கியிருக்கிறாள்.

முப்பதாம் தேதி காலை.

போன வாரம்தான் புதுக் கம்பெனி ஆட்கள் வந்து கன்ட்ரோல் ரூமில் பழைய ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டிப் போயிருந்தார்கள். எந்த ஓட்டையில் எந்தக் கேபிள் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருந்தார்கள். பட்டியலை ரூஹி வாங்கிவைத்தாள். இக்னேஷியஸ் வாங்கவில்லை. ஓட்டை ஓட்டைதானே, அதிலென்ன பட்டியல்?

வழக்கமான சுற்றில் கேட்டுகளுக்குப் போகும் கேபிளின் முனையை உருவிப் பார்த்தார். ஓரத்தில் லேசாகப் பச்சை. வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டார். போட்டதை எடுத்த ஓட்டையில் செருகாமல் பக்கத்து ஓட்டையில் செருகினார். இது அவருடைய இருபத்திரண்டு வருடத் தொழில்முறை. உப்புப் பிடித்த கனெக்டர் இருந்த ஓட்டையிலும் உப்பு இருக்கும், புதுசைத் தின்றுவிடும். அதனால் புதுக் கனெக்டருக்கு எப்போதும் புது ஓட்டை. பழைய பெட்டியில் எந்த ஓட்டையில் போட்டாலும் வேலை செய்தது.

பத்து நிமிடத்தில் இரண்டு கேட்டிலும் ஹாரன்.

இக்னேஷியஸ் டூலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதல் கம்பம். கனெக்டர் பளபளவென்று இருந்தது. இருந்தாலும் வெட்டினார். இரண்டாவது கம்பம். அதுவும் பளபள. அதையும் வெட்டினார். ஒன்பதரைக்கு ஆரம்பித்தவர் பதினொன்றரைக்குப் பதினாலு நல்ல கனெக்டர்களை வெட்டி எறிந்திருந்தார். டிரெய்லர் வரிசை எர்ணாவூர் பாலம் தாண்டித் திருவொற்றியூர் பக்கம் வளைந்துவிட்டது. போக்குவரத்துப் போலீஸிடமிருந்து இரண்டு போன் வந்துவிட்டது.

"சார்," ஏணியைப் பிடித்தபடி கீழேயிருந்து ரூஹி மூன்றாவது முறையாகச் சொன்னாள், "காலைல ஸ்விட்ச்ல எந்த ஓட்டைல போட்டீங்க? வீலான் மாறியிருக்கும்னு..."

"வீலானா? அது நீ பொறக்கறதுக்கு முன்ன நான் பாத்த சரக்கு பாப்பா. எனக்கே சொல்றியா? ஒழுங்கா ஏணிய புடி."

செங்குட்டுவன் வெயிலில் நடந்து வந்து சேர்ந்தார். மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.

"ரூஹி, உங்களுக்கு என்ன தோணுதுங்க?"

"ரெண்டு நிமிஷம் உள்ள போனா போதும் சார். ஆனா ஏணிய வுட முடியாது."

"இக்னேஷியஸ், கொஞ்சம் இறங்குங்க."

"இதோ சார், இந்த ஒண்ணுதான். இதுல மாட்டிக்கினான் திருடன்!"

ஒரு டிரைவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். ரூஹி கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினாள். செங்குட்டுவன் பின்னாலேயே போனார். பட்டியலைப் பார்த்தாள். ஏழாவது ஓட்டையில் இருந்த கேபிளைப் பிடுங்கி ஆறாவதில் செருகினாள். அவ்வளவுதான். ஆனாலும் கட்டை உயரவில்லை. ஏனென்றால் மேலே இக்னேஷியஸ் கேபிளை வெட்டிக் கையில் வைத்திருந்தார்.

ஐந்து நிமிடம் கழித்து அவர் புதுக் கனெக்டரைப் போட்டுச் செருகினார். அந்த நொடியில் இரண்டு கேட்டிலும் கட்டை உயர்ந்தது.

"பாத்தியா!" கம்பத்தின் உச்சியிலிருந்து கத்தினார் இக்னேஷியஸ். "பாத்தியா! நான் சொல்லல?"

டிரைவர்கள் கை தட்டினார்கள். செங்குட்டுவன் தட்டவில்லை. அவர் கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்று உள்ளே நடந்தது முழுவதையும் பார்த்திருந்தார்.

இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ரூஹியிடம் கேட்டார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"புதுப் பெட்டிய உள்ளுக்குள்ள மூணு வீலானா பிரிச்சிருக்காங்க சார். ஒரே பெட்டிக்குள்ள மூணு ரூம் மாதிரி. ஒண்ணு கேட்டு, ஒண்ணு கேமரா, ஒண்ணு ஆபீஸ். ஒரு ரூமுல இருக்கறது அடுத்த ரூமோட பேசாது. சார் காலைல கேட்டு கேபிள கேமரா ரூமுல போட்டுட்டாரு."

"நானும் அதத்தானே சொல்லிகினு கீறேன்" என்று தலையாட்டினார் இக்னேஷியஸ். "பிரிச்சவன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

செங்குட்டுவன் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த மார்க் தாளைக் குடுங்க."

"சார், அது வீட்ல..."

"சட்டைப் பையில தெரியுதுங்க."

இக்னேஷியஸ் எடுத்துக் கொடுத்தார். செங்குட்டுவன் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். மெதுவாக, வரி வரியாக, வாய்விட்டுப் படித்தார். இருபது. பத்து. பதினைந்து. இரண்டு பூஜ்யங்களையும் தனித்தனியாகப் படித்தார். படித்து முடித்துத் தாளை முழுசாக விரித்தபடியே மேஜைமேல் வைத்தார்.

"நாளன்னிக்கு ஒண்ணாந் தேதி. ரூஹி இன்சார்ஜ். நீங்க கேபிள் சூப்பர்வைசர். வருஷக் கடைசிக்குள்ள புதுப் பரீட்சைய பாஸ் பண்ணுனீங்கன்னா மறுபடியும் பேசலாம். இல்லீன்னா எப்பவும் இதுதான்."

"ஏ.ஐ.யும் கிளவுடும் கம்பம் ஏறுமா சார்?"

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

ஒன்றாம் தேதி மதியம். கன்ட்ரோல் ரூமில் ரூஹி தன் பழைய ஸ்டூலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்சார்ஜின் சுழல் நாற்காலி காலியாகக் கிடந்தது. கதவைத் திறந்து உள்ளே வந்த இக்னேஷியஸுக்கு அதுதான் அதிகம் எரிந்தது. அவள் அதில் உட்கார்ந்திருந்தாலாவது நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

சுவரைப் பார்த்தார். தேவையில்லாமல் ஒரு கேபிளை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னா, நாற்காலி கடிக்குதா?"

"முதுகு வலிக்குது சார் அதுல. நீங்களே வெச்சிக்கங்க."

"உன் தயவு ஒண்ணும் வேணாம்."

அவள் தயிர்சாதத்தில் மாங்காயைப் பிசைந்தாள். அவர் போகவில்லை. கக்கத்தில் தலையணைப் புத்தகம் இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அதன் முதுகு மடிந்து சுருக்கம் விழுந்திருந்தது. கேபிள் அத்தியாயத்தோடு அந்தச் சுருக்கம் நின்றிருந்தது.

"பாதி சிலபஸ் மாறிடுச்சி சார். புது புக்கு வாங்கணும்."

"தெரியும். எல்லாம் தெரிஞ்சதுதான்."

"அப்போ சரி."

"புது டம்ப்ஸ் எப்ப வருதாம்?"

"எனக்கு வித்த ஃபர்ஹானக் கேளுங்க. ஊரெல்லாம் என்னை டம்ப்ஸ்னு கூப்புடுதே, அத ஆரம்பிச்சி வெச்ச ஆள் நீங்கதானே?"

"நான்தான் சொன்னேன். இப்ப அதுவா பேச்சு?" என்றார் இக்னேஷியஸ். மன்னிப்பு என்பதற்கு மிக அருகில் அவர் வந்த இடம் அதுதான். அதையும் சண்டைக்கு இழுக்கிற குரலில்தான் சொன்னார்.

ரூஹி டிபனை மூடிக் கை கழுவிவிட்டு வந்தாள். அவர் இன்னும் அங்கேயே நின்றார். வாசல்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். காவலாளி தூரத்தில் இருந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஸ்விட்ச் பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓட்டை ஓட்டையாக அதை உற்றுப் பார்த்தார். எல்லாவற்றிலும் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா வேணும் சார் உங்களுக்கு?" என்றாள் ரூஹி.

அவர் திரும்பாமலே, வாய்க்குள் முணுமுணுத்தார்.

"அந்த வீலான் வீலான்னு சொல்றீங்களே... அது எந்த ஒயர்ல வருது?"